கண்டிக்கும் தகுதி யாருக்கு?
போர்க்குற்றம் சுமக்கும் நாடுகளும் பிறர் நடத்தும் போர்களும்

2024 ஜனவரி 12. இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா தொடுத்த இனப்படுகொலை வழக்கில், ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் முன் இஸ்ரேல் தன் வாதத்தை வைத்தது. அன்றே ஜெர்மன் அரசு, இந்த வழக்கில் மூன்றாம் தரப்பாக நுழைந்து இஸ்ரேலுக்குத் துணை நிற்கப்போவதாக அறிவித்தது. தன் சொந்த வரலாற்றையே அதற்குக் காரணமாகக் காட்டியது. யூதப் பேரழிப்பை நிகழ்த்திய நாடு என்பதால் இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தின்பால் தனக்குத் தனிக் கடப்பாடு உண்டு என்றது.

மறுநாளே நமீபிய அதிபர் ஹாகே கெய்ங்கோப் எதிர்ப்புத் தெரிவித்தார். இருபதாம் நூற்றாண்டின் முதல் இனப்படுகொலை ஜெர்மனியால் நமீபிய மண்ணில் நடத்தப்பட்டது. அதற்கு இன்னும் முழுப் பரிகாரம் செய்யாத நாடு, காசாவில் நடப்பதை ஆதரித்துக்கொண்டே அந்த ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்ல அறத் தகுதி அற்றது என்பது அவர் கூற்றின் சாரம். அந்த இனப்படுகொலைக்கு முன்னோடியான, ஜெர்மானியருக்கு எதிரான ஹெரெரோ மக்களின் எழுச்சி தொடங்கியதும் ஒரு ஜனவரி 12தான், 1904இல்.

ஒரே நாட்டின் ஒரே கடந்தகாலம். அதைக் காட்டி ஒருவர் ‘நான் பேசியே ஆக வேண்டும்’ என்கிறார். மற்றவர் ‘நீ பேசக் கூடாது’ என்கிறார். கொலைக் கறை படிந்த ஒரு நாட்டுக்கு, இன்னொரு நாட்டின் போரைக் கண்டிக்கவோ நியாயப்படுத்தவோ உரிமை உண்டா? 1945 முதல் இக்கேள்விக்குத் தரப்பட்ட விடைகளை இங்கே பரிசீலிக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை ஜெர்மனியைச் சுற்றியே பிறந்தவை.

நூரம்பர்க்: தீர்ப்பு வழங்கியவரின் கணக்கு

1945 நவம்பரில் தொடங்கிய நூரம்பர்க் விசாரணையில், ஆக்கிரமிப்புப் போர் ஒரு தனிக் குற்றமாகச் சுமத்தப்பட்டது. நீதிபதிகளில் ஒருவர் சோவியத் ஒன்றியத்தின் இயோனா நிகிட்சென்கோ. அவருடைய நாடு 1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லருடன் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், கிழக்கு ஐரோப்பாவைப் பங்கிட்டுக்கொள்ளும் ரகசிய இணைப்பு இருந்தது. செப்டம்பர் 17 அன்று அது போலந்துக்குள் நுழைந்தது. நவம்பர் 30 அன்று ஃபின்லாந்தைத் தாக்கியது. அதற்காகவே டிசம்பர் 14 அன்று சர்வதேச சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது.

இதைவிட மோசமானது கட்டின் விவகாரம். 1940இல் சோவியத் ரகசியப் போலீஸார் ஏறத்தாழ 22,000 போலந்து அதிகாரிகளையும் படித்தவர்களையும் சுட்டுக் கொன்றனர். நூரம்பர்க் குற்றப்பத்திரிகையில் சோவியத் தரப்பு அந்தக் கொலையை ஜெர்மானியர் தலையில் சுமத்தியது. சாட்சியம் நிற்கவில்லை. இறுதித் தீர்ப்பு கட்டின் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கடந்துபோனது. சோவியத் அரசு உண்மையை ஒப்புக்கொண்டது 1990 ஏப்ரலில்.

‘நீயும்தானே செய்தாய்’ என்ற எதிர்வாதத்தை நீதிமன்றம் பொதுவாக ஏற்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் அது உள்ளே வந்தது. ஜெர்மன் கடற்படைத் தலைவர் கார்ல் டோனிட்ஸின் வழக்கறிஞர், அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸிடமிருந்து எழுத்துமூலச் சாட்சியம் பெற்றார். பசிபிக்கில் அமெரிக்க நீர்மூழ்கிகளும் போரின் முதல் நாளிலிருந்தே முன்னெச்சரிக்கையின்றிக் கப்பல்களை மூழ்கடித்தன என்று நிமிட்ஸ் ஒப்புக்கொண்டார். டோனிட்ஸ் நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறியது உண்மை என்றது நீதிமன்றம்; ஆனால் அந்த மீறலுக்காகத் தண்டனையைக் கணக்கிடவில்லை. வேறு குற்றங்களுக்காக அவருக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. நகரங்கள்மீது குண்டு வீசியது குற்றமாகச் சுமத்தப்படவே இல்லை. நேச நாடுகளின் குண்டுகளில் டிரெஸ்டனும் ஹாம்பர்க்கும் எரிந்த பிறகு அதைச் சுமத்துவது எளிதாக இருந்திருக்காது.

சோவியத்தின் கறையால் நாஜிகளின் குற்றம் பொய்யாகிவிடவில்லை. ஆவணங்கள் அப்படியே நின்றன. ஆனால் அந்தக் கறைக்கு விலை இல்லாமல் போகவில்லை. விலையைக் கொடுத்தவர்கள் குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்கள் அல்லர். கட்டினில் கொல்லப்பட்டவர்களின் மனைவிமார்களும் பிள்ளைகளும். அவர்களுக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகள் எந்த மன்றமும் இல்லை. இந்த வேறுபாட்டைப் பின்வந்த விவாதங்களில் பெரும்பகுதி கவனிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் முறையீடு.

டோக்கியோவில் ஒரு வங்காள நீதிபதி

‘கறை படிந்தவர் தீர்ப்பு வழங்க முடியாது’ என்ற நிலைப்பாட்டின் ஆழமான சட்ட வடிவம் ஓர் இந்தியரிடமிருந்து வந்தது. டோக்கியோ விசாரணையின் 11 நீதிபதிகளில் ஒருவரான ராதாபினோத் பால், 1948இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீண்ட மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். குற்றம்சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட வேண்டும் என்றார். ஆக்கிரமிப்புப் போர் குற்றம் என்ற சட்டமே பின்னர் உருவாக்கி முன்தேதியிடப்பட்டது என்பது அவருடைய ஒரு வாதம். ஆசியாவை வாளால் பிடித்து வைத்திருக்கும் நாடுகள் இன்னோர் ஆசிய நாட்டை ஆக்கிரமிப்பாளன் என்று எப்படி அழைக்கும் என்பது இன்னொன்று. விசாரணை நடந்துகொண்டிருந்த 1947இலேயே நெதர்லாந்துப் படைகள் இந்தோனேசியாவையும் பிரெஞ்சுப் படைகள் வியட்நாமையும் மீண்டும் பிடிக்கப் போரிட்டுக்கொண்டிருந்தன. அணுகுண்டு வீசும் முடிவு விசாரணைக்கே வரவில்லை. காலனி ஆட்சியில் வளர்ந்த ஒருவரின் நியாயமான சீற்றம் அதில் இருக்கிறது. அதை எளிதாக ஒதுக்க முடியாது.

சீனாவின் நான்ஜிங்கில் ஜப்பானியப் படை செய்த கொடுமைகளைப் பால் மறுக்கவில்லை. அவை நடந்தன என்பதற்குச் சாட்சியம் வலுவானது என்றே எழுதினார். கூண்டில் நின்ற தலைவர்களின் பொறுப்பைத்தான் ஏற்கவில்லை. ஆனால் நீதிபதிகளின் தகுதியைக் கேள்வி கேட்ட அந்தத் தீர்ப்பை, பின்னாளில் ஜப்பானிய தேசியவாதிகள் தங்கள் நாட்டின் குற்றமின்மைக்குச் சான்றாகக் கொண்டாடினர். போர்க்குற்றவாளிகளும் தெய்வமாக வணங்கப்படும் யசுகுனி ஆலய வளாகத்தில் 2005இல் பாலுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. மேற்கு நாடுகளின் கறையை எழுப்பிய வாதத்தில் நான்ஜிங்கின் பெண்கள் பின்னுக்குப் போனார்கள். பாலின் நோக்கம் அதுவல்ல. எனினும் இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அதுவே: நீதிபதியை இறக்கிவிடுகிறது, வழக்குத் தொடுக்க வேறு யாரையும் கொண்டுவருவதில்லை.

கறையே இல்லாத நாடு ஒன்று இருந்தால் இச்சிக்கல் தீரும் என்பாரும் உண்டு. 1972 டிசம்பரில் ஹனோய் மீது அமெரிக்கா குண்டு பொழிந்தபோது, ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மெ அதைக் குவெர்னிகா, பாபி யார், கட்டின், ட்ரெப்ளிங்கா ஆகிய கொடூரங்களின் வரிசையில் வைத்துப் பேசினார். வாஷிங்டன் சினம் கொண்டு தூதர் உறவைத் தாழ்த்தியது. ஆனால் நடுநிலை ஸ்வீடனும் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிப்பாய்களைத் தன் ரயில்களில் ஏற்றிச் செல்ல விட்டது. ஜெர்மன் ஆயுத ஆலைகளுக்கு இரும்புத் தாது விற்றது. கறையற்றவர் வரும்வரை காத்திருப்பது யாரும் பேசாமலிருப்பதற்கு வழி.

யார் குற்றம், எவ்வகைக் குற்றம்

ஒரு நாட்டுக்குக் குற்றம் உண்டு என்று சொல்வதற்குப் பொருள் உண்டா? ஜெர்மன் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் 1945-46 குளிர்காலத்தில் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி உரையாற்றினார். யூத மனைவியைக் கைவிட மறுத்ததால் நாஜிகள் 1937இல் ஆசிரியப் பணியிலிருந்து நீக்கிய மனிதர் அவர். குற்றத்தை அவர் நான்காகப் பிரித்தார். சட்டக் குற்றம் தனி மனிதருக்கு உரியது. அதை நீதிமன்றம் தீர்க்கும். அறக் குற்றமும் தனி மனிதருடையது, மனச்சான்று தீர்க்கும். சக மனிதர் கொல்லப்படும்போது தான் உயிரோடிருப்பதன் பாரத்தை நான்காவதாக வைத்து, அதற்குக் கடவுள் மட்டுமே நீதிபதி என்றார். இடையில் உள்ளது அரசியல் பொறுப்பு. ஓர் அரசின் குடிமக்கள் எல்லோரும், தாம் எதிர்த்திருந்தாலும்கூட, அந்த அரசின் செயல்களின் விளைவைச் சுமக்கிறார்கள்.

‘தேசியக் குற்றம்’ என்று நாம் சொல்வதில் பொருளுடையதாக நிற்பது இந்த அரசியல் பொறுப்பு மட்டுமே என்று தோன்றுகிறது. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் இன்னும் கறாராக இருந்தார். எல்லோரும் குற்றவாளிகள் என்றால் உண்மையான குற்றவாளி கூட்டத்தில் மறைந்துவிடுவான் என்பது அவர் எச்சரிக்கை. குற்றம் என்ற சொல்லைத் தனி மனிதருக்கே ஒதுக்கி, சமூகத்துக்குப் பொறுப்பு என்ற சொல்லைத் தந்தார். 1960இல் பிறந்த ஜெர்மானியருக்கு ஆஷ்விட்ஸில் குற்றமில்லை. ஆனால் அந்த அரசின் சொத்தையும் பெயரையும் ஏற்றவர் அதன் கடனையும் ஏற்க வேண்டும். கடன் என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி தவிர்க்க முடியாதது: யாருக்குக் கடன்?

குற்றமே கடமையாகும்போது

1999 மே 13 அன்று ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் பசுமைக் கட்சியின் சிறப்பு மாநாடு. சிவப்புச் சாயப் பை ஒன்று வெளியுறவு அமைச்சர் யோஷ்கா ஃபிஷரின் காதில் வந்து மோதியது. காரணம், கொசோவோவுக்காக யூகோஸ்லாவியா மீது நடந்த நேட்டோ குண்டுவீச்சில் ஜெர்மன் விமானங்கள் பங்கேற்றன. 1945க்குப் பின் ஜெர்மன் படைகள் இறங்கிய முதல் போர் அது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் அனுமதி அதற்கு இல்லை. இனி போர் வேண்டாம், இனி ஆஷ்விட்ஸ் வேண்டாம் என்ற இரு பாடங்களையும் முன்வைத்தே ஃபிஷர் அந்தப் பங்கேற்பை ஆதரித்து வாதிட்டார்.

இதன் பின்னணியில் 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட சுமார் 8,000 பேர் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. கொசோவோவில் லட்சக்கணக்கானோர் விரட்டப்பட்டுக்கொண்டிருந்ததும் உண்மை. ஆனால் ஆஷ்விட்ஸிலிருந்து உயிர்தப்பியவர்கள் சிலரே இந்த ஒப்பீட்டைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். தங்கள் துயரம் ஒரு புதிய போருக்கு அனுமதிச் சீட்டாக்கப்படுவதை அவர்கள் ஏற்கவில்லை. 2014 மார்ச்சில் கிரிமியாவை இணைத்துக்கொண்ட உரையில் புட்டின் கொசோவோவை முன்னுதாரணமாகக் காட்டினார். மிகப் பெரிய குற்றத்தை அளவுகோலாகக் கொண்டவருக்கு அளவான முடிவுகள் எடுப்பது கடினமாகிறது.

இதற்கு மிதமான ஒரு வடிவமும் உண்டு. அதைப் பட்டறிவின் வாதம் எனலாம். 1966 செப்டம்பர் 1 அன்று கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் பிரெஞ்சு அதிபர் டி கோல், வியட்நாமில் அமெரிக்காவின் போரைக் கண்டித்தார். அதே வியட்நாமில் 1954வரை போரிட்ட நாடு பிரான்ஸ். அல்ஜீரியாவில் அது நடத்திய சித்திரவதைப் போர் முடிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அல்ஜீரியாவிலிருந்து வெளியேறியதையே டி கோல் எடுத்துக்காட்டாகச் சொன்னார். தவறிய வழியைத் தெரிந்தவன் எச்சரிக்கிறான் என்ற இந்த வாதம் மனிதத் தன்மை உடையது. அது கேட்கப்பட்டிருந்தால் பல லட்சம் உயிர்கள் மிஞ்சியிருக்கலாம். ஆனால் 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸ் தெருக்களில் போலீஸார் கொன்ற அல்ஜீரியர்களைப் பற்றி அன்றைய பிரெஞ்சு அரசு வாய் திறக்கவில்லை. பட்டறிவு கொள்கையாக மாறியது, ஒப்புதலாக மாறவில்லை.

கடன் யார் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது

2021 பிப்ரவரியில் ஜெர்மன் அதிபர் ஃபிராங்க் வால்டர் ஸ்டைன்மயர், ரஷ்யாவிலிருந்து எரிவாயு கொண்டுவரும் நார்ட் ஸ்ட்ரீம் 2 குழாய்த் திட்டத்தை ஆதரித்துப் பேசும்போது, ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கிய 1941 ஜூன் 22ஐ நினைவூட்டினார். சோவியத் ஒன்றியத்தில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் அந்தப் போரில் மாண்டார்கள். ரஷ்யாவுடனான உறவில் அதை மறக்கக் கூடாது என்றார். உக்ரைன் தூதர் கடுமையாக எதிர்த்தார். அந்த மாண்டவர்களில் பல லட்சம் பேர் உக்ரைனியர். 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாள்களில் மட்டும் கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் 33,771 யூதர்கள் சுடப்பட்டார்கள். அந்தக் குழாய்த் திட்டமோ உக்ரைனைச் சுற்றிச் செல்வதற்காகவே போடப்பட்டது. சோவியத் மக்களுக்குப் பட்ட கடன் மாஸ்கோவின் பெயரில் மட்டும் வரவு வைக்கப்பட்டது.

இஸ்ரேல் விஷயத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. 2008 மார்ச்சில் இஸ்ரேலிய நாடாளுமன்றத்தில் உரையாற்றிய அன்றைய ஜெர்மன் சான்சலர் அங்கெலா மெர்கல், இஸ்ரேலின் பாதுகாப்பு ஜெர்மன் அரசின் அடிப்படை நலன்களில் ஒன்று என்றார். கொல்லப்பட்ட யூதர்களுக்கான கடன் ஒரு குறிப்பிட்ட அரசுக்கான கடனாக ஆகும்போது, அந்த அரசின் போரைக் கேள்வி கேட்கும் யூதர்களும் அந்தப் போரில் சாகும் பாலஸ்தீனியரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். தன் நாட்டின் குற்றத்தை இறக்கி வைப்பதற்காகவே இஸ்ரேலை நாஜிகளோடு ஒப்பிடும் ஜெர்மானியர் உண்டு. 2023 அக்டோபர் 7 படுகொலையைக் குறிப்பிடாமலே பேசத் தொடங்குவோரும் உண்டு. ஜெர்மனியின் தயக்கம் முழுவதும் போலி என்று சொல்வதற்கில்லை.

நமீபியாவுக்கு அந்தத் தயக்கம்கூடக் கிடைக்கவில்லை. 1904 அக்டோபர் 2 அன்று தளபதி லோதர் ஃபான் ட்ரோத்தா ஹெரெரோ மக்களை ஒழிக்கும் ஆணையிட்டார். ஹெரெரோக்களில் பெரும்பான்மையினரும் அண்டை நாமா மக்களில் ஏறத்தாழப் பாதியும் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. 2021 மே மாதத்தில் ஜெர்மனி இதை ‘இன்றைய பார்வையில்’ இனப்படுகொலை என்று ஏற்று, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ வளர்ச்சி உதவியாகத் தர முன்வந்தது. இழப்பீடு என்ற சொல் கவனமாகத் தவிர்க்கப்பட்டது. பேச்சுவார்த்தையில் தங்களை முறையாகச் சேர்க்கவில்லை என்று ஹெரெரோ, நாமா அமைப்புகள் பல எதிர்த்தன.

சொல்பவரா, சொல்லா?

மெய்யியலாளர் ஜி.ஏ. கோஹென் 2006இல் வெளியான ஒரு கட்டுரையில் இச்சிக்கலைப் பிரித்துக் காட்டினார். ஒரு கண்டனத்தை வாயடைக்க இரு வழிகள் உண்டு: ‘நீயும் செய்தாய்’, ‘இதில் உனக்கும் பங்கு உண்டு’. இரண்டுமே கண்டனத்தின் உண்மையைத் தொடுவதில்லை. கண்டிப்பவரின் தகுதியை மட்டுமே தொடுகின்றன. ஈராக்கை 2003இல் பொய்க் காரணம் காட்டித் தாக்கிய அமெரிக்கா, 2022இல் உக்ரைனைத் தாக்கிய ரஷ்யாவைக் கண்டித்தது. அந்தக் கண்டனம் பலவீனமான வாயிலிருந்து வந்தது. ஆயினும் உக்ரைனின் புச்சா நகரத் தெருக்களில் கிடந்த உடல்கள் உண்மையானவை.

ஆனால் கோஹெனின் பிரிப்பு எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. கண்டனம் உண்மையாகவே இருந்தாலும், யாரைக் கண்டிப்பது, எப்போது மௌனம் காப்பது என்ற தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வில்தான் அநீதி நுழைகிறது.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஓர் எடுத்துக்காட்டு 2009 மே மாதத்து ஜெனீவா. இலங்கையில் வன்னிப் போர் முடிந்த சில நாள்களில், ஜெர்மனி முன்னெடுத்த கோரிக்கையின் பேரில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் சிறப்பு அமர்வு கூடியது. மே 27 அன்று நிறைவேறியது அவர்கள் கேட்ட தீர்மானம் அன்று. இலங்கை அரசின் முயற்சிகளை வரவேற்கும் தீர்மானம் 29 வாக்குகளுடன் வென்றது. எதிராக 12, விலகியோர் 6. முன்னாள் காலனி நாடுகள் பல, மேற்கு நாடுகளின் இரட்டை அளவுகோலை எதிர்ப்பதாகவே அதை எண்ணின. அந்த எதிர்ப்புக்கு ஈராக் போதுமான காரணம் தந்திருந்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. பின்னாளில் காசாவுக்காக ஹேக் சென்ற தென்னாப்பிரிக்காவும் நிகரகுவாவும் ஆதரித்து வாக்களித்தன. எதிர்த்து வாக்களித்தவற்றில் ஜெர்மனியும் பிரிட்டனும் உண்டு. பிரிட்டனின் கறை பற்றிய வாதம் வென்றது. முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டவர்கள் அந்த வாக்கெடுப்பில் இல்லாமல் போனார்கள். 2009இல் ஜெனீவாவில் சரியாக வாக்களித்த ஜெர்மனி 2024இல் ஹேக்கில் எடுத்த நிலையும், தென்னாப்பிரிக்காவின் நேர்மாறான பயணமும், நாட்டின் கடந்தகாலத்தை மட்டும் வைத்து எதையும் கணிக்க முடியாது என்பதைக் காட்டுகின்றன.

திறந்திருப்பவை

கறை படிந்த நாடு பேசலாமா என்ற கேள்விக்கு இதுவரையிலான வரலாறு தரும் விடை, பேசலாம் என்பதே. கறை கண்டனத்தைப் பொய்யாக்குவதில்லை. அதே சமயம், கறையே தனித் தகுதி தருகிறது என்ற உரிமைகோரலும் நிற்பதாகத் தெரியவில்லை. பாதிக்கப்பட்டோரில் யாரைப் பார்ப்பது என்று முடிவு செய்யும் அதிகாரத்தைக் குற்றவாளியின் வாரிசே வைத்துக்கொள்ளும்வரை, மனவருத்தம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், அது இன்னொருவர் துயரத்தை மறைக்கப் பயன்பட முடியும்.

தீராத கேள்விகள் மூன்றையாவது சொல்லலாம். ஒரு நாடு கலைந்து பலவாகும்போது அதற்குப் பட்ட கடனை யார் பெறுவது? பொறுப்பு எத்தனை தலைமுறைக்கு நீளும்? தன் கடந்தகாலக் குற்றத்தை ஒப்புக்கொண்ட நாடு, நடப்புக் குற்றத்தில் உடந்தையாக இருந்தால் அந்த ஒப்புதலுக்கு என்ன மதிப்பு? கடைசிக் கேள்விக்கு உறுதியான விடை எந்த மரபிலும் கிடைக்கவில்லை.

தகுதியை அளக்க எனக்கு ஓரளவு நம்பகமாகப் படும் அளவுகோல் ஒன்று உண்டு: பிறரை நிறுத்த விரும்பும் கூண்டில் தானும் ஏறச் சம்மதித்திருக்கிறதா அந்த நாடு? நிகரகுவாவின் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததற்காகவும் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் தந்ததற்காகவும் அமெரிக்கா சர்வதேசச் சட்டத்தை மீறியது என்று 1986 ஜூன் 27 அன்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிகரகுவாவே சுத்தமான கைகளுடன் வரவில்லை என்று அமெரிக்க நீதிபதி ஷ்வெபெல் மாறுபட்டு எழுதினார். பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. தீர்ப்புக்கு முன்பே அமெரிக்கா அந்த நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்திலிருந்து விலகிக்கொண்டது. ஜெர்மனி 2008 ஏப்ரல் 30 அன்று அதே அதிகாரத்தை ஏற்றது. தன் படைகளை வெளிநாடுகளில் பயன்படுத்துவது தொடர்பான வழக்குகளுக்கு விலக்கு வைத்துக்கொண்டது.

இஸ்ரேலுக்கு மிக அதிக ஆயுதம் தரும் நாடு அமெரிக்கா, அடுத்தது ஜெர்மனி. 2024 மார்ச் 1 அன்று நிகரகுவா வழக்குத் தொடுத்தது ஜெர்மனி மீது. தன் எதிராளிகளைச் சிறையிலடைக்கும் அரசு அது. ஆனாலும் வழக்கு பதிவானது. 2024 ஏப்ரல் 30 அன்று நீதிமன்றம் ஆயுத ஏற்றுமதியை உடனே நிறுத்தும் இடைக்கால ஆணையை மறுத்தது. வழக்கையே பட்டியலிலிருந்து நீக்கும்படி ஜெர்மனி கேட்டதையும் மறுத்தது. முதல் இடத்தில் உள்ள நாட்டின் மீது அத்தகைய வழக்குத் தொடுக்க எந்த நாட்டுக்கும் வழியில்லை.